நாஸ்டி

விசுவமடு, மூன்றாம் கிணறு.
வாளியை மணந்து பார்த்த என்ஜினியர்
ஒரே சொல் சொன்னார்: நாஸ்டி.
நாள் சம்பளத்துக்கு மொழிபெயர்க்கிறவன் நான்;
பவளராணியக்கா என் வாயையே பார்த்தபடி.

காலையில் பிளேன்டீக்கும் இதைத்தான் சொன்னவர்.
பரந்தன் ரோட்டுப் பள்ளத்துக்கும்,
றைவரின் முழங்காலில் ஆறாத காயத்துக்கும்.
எங்களிடம் அப்படி ஒன்றுக்குள் எல்லாம் அடங்காது.
ஊத்தை என்றால் உடுப்பு.
அரியண்டம் என்றால் இலையான், விடாமல் அழும் பிள்ளை,
கிழமைக்கொருக்கால் பதிவெடுக்க வருகிறவர்கள்.
சவர், தண்ணீருக்குரியதுதான். ஆனால் இது சவரில்லை.

"தண்ணி சரியில்லையாம்" என்றேன்.

"அதைச் சொல்லவோ இவ்வளவு நேரம்?
ரெண்டு சைக்கிள், ஒரு தையல் மெஷின்,
ஆரோ ஒராளின்ர செருப்புச் சோடி,
இறைக்கேக்க வந்தது.
செருப்பை மட்டும் கழுவி வைச்சிருக்கிறன்.
அதுக்கு என்ன சொல்லுவார், கேள்."

நான் கேட்கவில்லை.
குடிக்க உகந்ததல்ல என்ற கட்டத்தில்
அவர் சரி போட்டார்.

அடுத்த மாதம் குளோரினோடு போனபோது
மிளகாய்க் கன்றைக் கடித்த ஆட்டை
அக்கா துரத்திக்கொண்டிருந்தா:
"நாஸ்டி! அங்கால போ, நாஸ்டி!"
ஆட்டுக்கு விளங்கியது.