காக்காப்பொன்

தோட்டத்துப் பெரிய பங்களாவை இடிக்கிறார்கள்.
ஈப்போவிலிருந்து வந்த லோ
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தான் என் மேசைமேல்.
பன்னிரண்டு தகடு. காக்காப்பொன்.
ஊதினால் பறக்கும், அழுத்தினால் உதிரும்.
ஒவ்வொன்றிலும் ஓர் ஆள்.
வேட்டி உண்டு, கை உண்டு, கையில் வேலை உண்டு.
கழுத்துக்கு மேலே
வெறும் ஜன்னல்.

"தலை தனியா ஓர் அட்டையில இருக்குமாம்.
எதை மேல வெச்சாலும் அந்த ஆளு.
அட்டை தொலைஞ்சுபோச்சு. பரவால்ல,
பின்னால கறுப்பு ஒட்டி ஃபிரேம் போடு.
வெள்ளிக்கிழமை வர்றேன்."

திருச்சியிலோ எங்கோ ஒருவன்
அணில் மயிர்த் தூரிகையால்
நாவிதன் கத்தியின் விளிம்புவரை வரைந்துவிட்டு
முகத்தை மட்டும் விட்டிருக்கிறான்.
சோம்பல் இல்லை. ஆர்டர் அப்படி.
மழைநாளில் துரைசானிகள் விளையாட.
ஓரத்தில் பென்சிலில் இங்கிலீஷ்:
சலவைக்காரன், நாலு. பல்லக்குத் தூக்கி, ஏழு.
கள்ளிறக்குகிறவன், ஒன்பது.
பெரட்டில் என் அப்பா இருநூற்றுப் பதினாறு.

சுங்கை சிப்புட்டில் ஃபிரேம் மட்டும் போட்டுப் பிழைக்க முடியாது,
பாஸ்போர்ட் படமும் எடுக்கிறேன்.
மத்தியானம். கடையில் ஆள் இல்லை.
வாங்காமல் கிடந்த சன்னாசியின் படத்தின்மேல்
ஏழை வைத்தேன்.

பொருந்தியது.

நாலை வைத்தேன். ஒன்பதை வைத்தேன்.
கூடை முடைகிறவன், குதிரைக்காரன், சிப்பாய்,
ஒரு துண்டு ஷர்ட் காலர் மட்டும்
ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்தது.
பொருந்தாமல் போயிருந்தால்
டின்னை மூடிவிட்டுச் சோறு தின்னப் போயிருப்பேன்.

சன்னாசி உள்ளே வந்ததைக் கவனிக்கவில்லை.
சைக்கிள் கிளிப்போடு நின்று
தலைப்பாகை கட்டிய தன்னைப் பார்த்தார்.
திட்டுவார் என்று நினைத்தேன்.
சிரித்தார்.
ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்,
கித்தா வெட்டிய விரல், செம்பனைக் குலை இழுத்த விரல்,
போன வருஷம்வரை லோரி கழுவிய விரல்.
இந்தப் படம்
கையுறைத் தொழிற்சாலை செக்யூரிட்டி வேலைக்கு.

"மரம் வெட்டுறவன் இல்லியா இதுல?"
இல்லண்ணே. அது அப்புறம் வந்தது.
"செக்யூரிட்டி?"
இல்ல.
"அப்ப நான் இல்ல" என்றார்,
ஏதோ வரி விலக்குக் கிடைத்தவர்போல.

எட்டு வெள்ளி கொடுத்தார். ஆறில் நாலு போதும் என்றார்.

வெள்ளிக்கிழமை லோ வந்தான்.
பன்னிரண்டு சட்டம், பன்னிரண்டு கறுப்பு அட்டை.
பேரம் பேசாமல் காசு கொடுத்தான்.
எங்கோ ஒரு ஹோட்டலுக்காம், லிஃப்ட் பக்கத்துச் சுவருக்காம்.

மிஞ்சிய இரண்டு படமும் டிராயரில்தான்.
ஒன்றில், கன்னத்தருகே,
ஏழாம் நம்பரின் துணுக்கு ஒட்டியிருக்கிறது.
நகத்தால் கிள்ளிப் பார்த்தேன்.
வரவில்லை.
டியூப் லைட்டைப் போட்டால்
சன்னாசிக்கு அந்த இடத்தில் மட்டும்
வேர்க்கிறது.