ஒரு நாள் மிச்சம்

பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளில்
ஆகஸ்ட் பதினாலு வரை என்றிருக்கிறது.
தம்பி மாற்றி வாங்கிய டிக்கெட்டில் பதினேழு.
"மூணு நாள்தானேக்கா,
எவன் உக்காந்து எண்ணப்போறான்?"
இடுப்பில் தகடு வைத்துத் தைத்த மனுசன்
படுத்த படுக்கையில் போனிலேயே மாற்றியிருக்கிறான்.
பதினேழு வரைக்கும் சட்னி அரைக்க ஆள் இருக்கும்.

நான் எண்ணுவேன், சோலைமலை.
மே பதினேழில் டர்பனில் இறங்கினேன்.
இறங்கிய நாளையும் சேர்த்து எண்ணணுமாம்,
இழவு வீட்டில் பதினாறு எண்ணுகிற மாதிரி.
மே பதினைந்து, ஜூன் முப்பது, ஜூலை முப்பத்தொன்று,
விரல்கணுவில் கட்டைவிரலை ஓட்டி
மூன்று தரம் எண்ணிவிட்டேன்.
தொண்ணூறு, பதினாலோடு சரி.

பக்கத்து வீட்டுப் பூபாலனுக்கு
வா, போ, சோறு, சாமி
இவ்வளவுதான் தமிழ்.
மிச்சத்தைக் கையால் சொன்னார்.
ஒரு நாள் தாண்டினாலும்
ஏர்போர்ட்டில் ஒரு தாள் நீட்டுவார்களாம்,
வருசம் ஒன்றுக்கு இந்தப் பக்கம் தலை வைக்க முடியாதாம்.
தாளில் என்ன எழுதியிருக்கும் என்றேன்.
அவர் சொன்ன இங்கிலீஷ் பிடிபடவில்லை.
போனில் தட்டித் தமிழில் காட்டினார்:
விரும்பத்தகாதவர்.

அதற்குத் தனியாக ஒரு தாளா?
உசிலம்பட்டிக்கு மேற்கே
நாலாவது பெண்ணாக விழுந்தவள் நான்.
பெயர் போதும்பொண்ணு.
ரேசன் கார்டில், ஓட்டு லிஸ்டில்,
இதோ இந்த பாஸ்போர்ட்டில்,
எல்லாவற்றிலும் முத்திரையோடு இருக்கிறது.
பெயர் பலித்தது என்பார்கள் ஊரில்.
அடுத்ததாக இவன் பிறந்தான்.

வீட்டில் வைத்ததைச் சுமந்தாயிற்று.
ஒரு நாட்டு அரசாங்கமும் எழுதிக் கொடுக்க
நான் கை நீட்டி நிற்கமாட்டேன்.
சீட்டு எடுத்த பணத்தைக் கொடுத்து
முன்னால் மாற்றச் சொன்னேன்.
பதினாலில் இடம் இருக்கிறது என்றார் பூபாலன்.
பதிமூணே போடுங்கள் என்றேன்.
விமானத்துக்கும் வயிறு வலிக்கும்,
மழை பெய்யும், டயர் வெடிக்கும்.

தம்பி இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள்
ஊன்றுகோலோடு அடுப்படி வரை வந்து
வெங்காயம் உரித்தான், தோலைக் கீழே போட்டபடி.
திட்டவில்லை.
சாம்பாரை ஐஸ்பெட்டியில் பதினோரு டப்பாவில் அடுக்கினேன்,
மாத்திரையை மூன்றில்.

கிளம்பின அன்று காலையில்
வெருலம் பக்கம் கரும்புக்காட்டுக்குத் தீ வைத்திருந்தார்கள்.
கொடியில் காய்ந்த அவன் சட்டைகளில்
கரித்துகள் மயிரிழை மயிரிழையாக.
உதறினால் இழுவிக்கொள்ளும்,
ஊதி ஊதித்தான் எடுக்கணும்.
வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
ஏழு சட்டையையும் ஊதி முடித்துவிட்டு ஏறினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி
கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தாள்.
தாளைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள்,
என் பெயரை எழுத்தெழுத்தாக மென்றாள்.
போ. தும். பொன். னு.
என்ன அர்த்தம் என்று கேட்கிறாள், அது புரிந்தது.
வரிசையில் எனக்குப் பின்னால் நாற்பது பேர்.
"இனஃப்," என்றேன். "கேர்ள், இனஃப்."

கையிலெடுத்த முத்திரை அந்தரத்தில் நின்றது.
தேதியில் ஏதோ தப்பு,
பாவி, ஜூலையைக் கூட்டியதில் விட்டுவிட்டேன் என்று
எனக்கு அடிவயிறு கலங்கியது.
அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையைத்
தட்டிக் காட்டினாள்.
ஸானெலே.
"சூலு," என்றாள். "சேம். இனஃப் கேர்ள்ஸ்."
பிறகு ஐந்து விரலை விரித்து
சுண்டுவிரலை ஆட்டினாள். ஐந்தாவதாம்.

சிரித்தோமா என்று நினைவில்லை.
முத்திரை விழுந்த சத்தம் நினைவிருக்கிறது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் போன் அதிர்ந்தது.
பிரசர் மாத்திரை எந்த டப்பாக்கா?
நீல மூடி என்று அனுப்பினேன்.
சோற்றுக்கு முன்னாலயா பின்னாலயா?
பின்னால.
இன்னும் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான்,
மூன்று புள்ளிகள் வந்து வந்து போயின.
போனை அணைக்கச் சொன்னார்கள்.
அணைத்தேன்.