அடைப்புக்குறிக்குள் ஒரு பாதிரியார்

ஒரே ஊசி.
மேலே பூச்சி, கீழே ஐந்து சீட்டுகள்.

முதல் சீட்டு ஜெர்மனில்: டோர்பாட்.
இரண்டாவது ரஷ்ய எழுத்தில்: யூரியேவ்.
மூன்றாவதிலிருந்து தார்த்து.
ஊர் எழுந்து எங்கும் போய்விடவில்லை.
எமயோகி ஆறும் அதே பழுப்பு, அதே வளைவு.
பூச்சிதான் சீட்டுக்குச் சீட்டு
பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது.
தன் பெயர் இன்னதென்று அது சொல்லாது.
வாயில்லாப் பூச்சி;
இங்கே அது சொலவடை அல்ல, உடற்கூறு.

ஈசல் என்று சொல்லிவிடாதீர்கள்,
அது கறையான் வீட்டுப் பிள்ளை.
இதை எஸ்தோனியாவில் ஒருநாள்காரன் என்கிறார்கள்.
அதுவும் பாதிப் பொய்.
கல்லுக்கடியில் செவுளால் மூச்சுவிட்ட
இரண்டு வருஷத்தைக் கணக்கில் விட்டுவிட்டு
கடைசி நாளைப் பார்த்து வைத்த பெயர்.

1889இல் பாதிரியார் கூர்லிங்
தேவாலய விளக்கடியில் விழுந்த ஓர் ஆணை எடுத்து
லத்தீனில் ஞானஸ்நானம் கொடுத்தார்.
பின்னால் வந்தவர் அதை வேறு பேரினத்துக்கு மாற்றினார்.
பேரினம் மாறினால், விதிப்படி,
பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் போக வேண்டும்.
அன்றிலிருந்து பாதிரியார்
இரண்டு பிறைகளுக்கு நடுவே நிற்கிறார்,
கதவிடுக்கில் அங்கி மாட்டியவர் போல.

1931இல் பள்ளி ஆசிரியை ஆலிதே கிவிமர்
முழங்கால் தண்ணீரில் நின்று
சல்லடையில் ஓர் இளம்பூச்சியை அள்ளினாள்.
இறக்கை இல்லை. ஏழு ஜோடிச் செவுள். மூன்று வால்.
புதிய இனம் என்று எழுதினாள்.
அதே ஆறு கொண்டுபோன
தம்பி ஹின்ட்ரெக்கின் பெயரை வைத்தாள்.

சேகரிப்பறைப் பொறுப்பாளர் உர்வே
அதே கல்லடியில் பிடித்ததை வாளியில் வளர்த்தாள்.
ஒரு ஜூன் இரவில் அது தோலுரித்து,
இறக்கையோடு மறுபடியும் உரித்து,
பாதிரியாரின் பூச்சியாக எழுந்தது.
ஓர் உயிருக்கு இரண்டு பெயர் ஆகாது.
மூத்தது நிற்கும்; இளையது
ஒத்தபெயர்ப் பட்டியலில்
சின்ன எழுத்தில் இறங்கும்.
அந்த ஒரு வரியை எழுத
உர்வேக்கு நான்கு மாதம் ஆனது.
"அவனை இரண்டாம் முறை மூழ்கடிக்கிறேன்," என்றாள்.
பிறகு, அதிகம் பேசிவிட்ட வெட்கத்தில்
தேநீர்க் கோப்பையைத் தேடினாள்.

ஒன்பது வருஷம் கழித்து
துர்குவிலிருந்து ஒரு மாணவன் கால் கேட்டான்.
ஆலிதேயின் குப்பியிலிருந்து ஒரே ஒரு கால்.
இடது பின்னங்காலை அனுப்பினாள்.

வாளியில் வளர்ந்தது வேறு,
ஆலிதே அள்ளியது வேறு.
ஒரே கல்லடியில்
ஒரே முகத்தோடு குடியிருந்திருக்கிறார்கள்.

ஹின்ட்ரெக் மேலே வந்தான்.
உர்வே புதிய சீட்டைக் கையால் எழுதி
குப்பிக்குள் நழுவவிட்டாள்.
பழைய சீட்டை எடுக்கவில்லை.
இந்த அறையில் தவறுக்கும் ஓர் எண் உண்டு.

அன்று மாலை மழை விட்டிருந்தது.
பாலத்தின் மேல் தார்ச்சாலை பளபளத்தது.
ஆயிரக்கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தன,
அந்தப் பளபளப்பை ஆறு என்று வகைப்படுத்தி
முட்டையிட்டபடி.
உர்வே காரை நிறுத்தி
அபாய விளக்கைப் போட்டாள்.
பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது.
பத்தடி கீழே ஆறு இருந்தது.