காரணப் பட்டியல்

ரெனாத்தோ,
நீ வந்த முதல் வாரமே உன் மூக்கில் ரத்தம் வந்தது.
கலாமாவின் காற்று அப்படி.
வருகிறவர்களிடம் முதலில் ஈரத்தைத்தான் கேட்டு வாங்கும்.

சாந்தியாகோவிலிருந்து ஐந்து பேர்,
ஒரே மாதிரி ஐந்து முதுகுப் பைகள்.
சுரங்கங்களுக்கு உதிரிபாகம் அனுப்பும் எங்கள் கிடங்கைப்
பன்னிரண்டு வாரத்தில் புதிய மென்பொருளுக்குள்
குடியேற்றுவதாக ஒப்பந்தம்.
உங்களுடைய ஒரு மணி நேரத்தின் விலையை
யெர்கோ எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்தான்.
அன்றிலிருந்து உங்களில் ஒருவர் கழிப்பறைக்கு எழுந்தாலும்
கடிகாரத்தைப் பார்ப்பான்.

'சரக்கு வந்ததும் என்ன செய்வீர்கள்?' என்றாய்.
'அது வருகிற லாரியைப் பொறுத்தது' என்றேன்.
லாரியைப் பொறுத்தது என்று
மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாய்.

அறுபது எழுபது தாள்கள் இருக்கும்.
இங்கே பசைக்கும் நாக்கு வறளும்.
இரவில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.
பெருக்க வந்த நிகனோரா
ஒன்றைக்கூடக் குப்பையில் போடாமல்
தன் கண்ணுக்கு அழகாகப் பட்ட வரிசையில்
திரும்ப ஒட்டிவிட்டுப் போனாள்:
மஞ்சள் எல்லாம் இந்தப் பக்கம், நீலம் எல்லாம் அந்தப் பக்கம்.
இன்றைக்கும் எங்கள் கணக்கில்
சில பொருள்கள் வருவதற்கு முன்பே போய்விடுகின்றன.
யார் தப்பு என்று நான் சொல்லவில்லை.

பழைய பச்சை எழுத்துத் திரை அணைந்த திங்கட்கிழமை,
வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க,
கையில் ஒரு பியரிங் விரிசல் விட்டிருக்க,
புதிய திரை வழிமறித்துக் கேட்டது:
காரணம்?
சொல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது.

இருபத்திரண்டு காரணங்கள், அகர வரிசையில்.
தண்ணீருக்கு எங்கள் மொழியில் அகுவா.
அதற்கே முதலிடம்.
கையுறை போட்ட விரலுக்கு எட்டியதும் அதுதான்.

துரு, அகுவா.
எலி கடித்த பெல்ட், அகுவா.
யெர்கோ கை நழுவவிட்ட கியர்ப்பெட்டி
அவன் என்னைப் பார்த்த பார்வைக்காக
அதுவும் அகுவா.

மழையைத் தொலைக்காட்சியில் பார்க்கிற ஊரில்
ஆறு வாரத்தில் தண்ணீரால் சேதம்
ஆயிரத்து நூற்று நாற்பது.
நீலத் தூண்களாக, படமாக,
தலைமையகம் போய்ச் சேர்ந்தது.
அங்கிருந்து ஒருவரும் போன் போட்டுக் கேட்கவில்லை.
ஒரு பம்ப்பை அனுப்பிவைத்தார்கள்.

நாங்கள் சிரித்ததில் நீயும் சிரித்துவிட்டாய்.
உனக்கு ஒரு பல் கோணல் என்று
பதினெட்டாவது வாரத்தில்தான் தெரிந்தது
(பன்னிரண்டு என்றது ஒப்பந்தம்தானே, நாங்கள் இல்லையே).

பட்டியலின் வரிசையை மாற்ற
நாற்பது மணி நேர வேலை, பதினான்கு கையெழுத்து.
ஒரு காரணத்தை நீக்க இரண்டு நிமிடம்.
'பாலைவனத்துக்கு எதற்குத் தண்ணீர்' என்று
நீக்கினாய்.
எங்களுக்கு நீ செய்த கடைசி வேலை அது.
பில்லில் கால் மணி நேரம் என்று இருந்தது.

பிப்ரவரியில்
மேட்டு நிலத்து மேகம் ஒன்று வழிதவறி வந்தது.
மூன்று மணி நேரம்.
ஒழுகுவது எப்படி என்று எங்கள் தகரக் கூரைக்கு
அதுவரை தெரியாது. சீக்கிரமே கற்றுக்கொண்டது.
பம்ப்பின் உறையைப் பிரித்தோம்.
நன்றாகவே ஓடியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

விடியற்காலை, சாக்ஸ் ஈரம்,
ஏழு பெட்டி பியரிங் ஊறிக் கிடக்க
திரைமுன் உட்கார்ந்தேன்.
காரணம்?
மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்.
இருபத்தொன்றும் இருந்தன.

இப்போது முதலிடத்தில் இருப்பது காயிதா:
விழுந்தது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அதைத் தொட்டேன்.
மழையும் விழுவதுதானே, ரெனாத்தோ.
இந்த ஒரு வரியில் மட்டும்
நான் பொய் எழுதவில்லை.