கோரம்

மே ஒண்ணு. கம்பெனி லீவு.
ஓவர்லாக் சத்தம் ஓய்ந்த காதுக்குள்
ரேஷன் கடை வேப்பமரத்து மைக்
ஹலோ ஹலோ என்று தன்னையே கூப்பிட்டுக்கொள்கிறது.

நான் கௌசிகா. பத்தொன்பது முடிந்தது.
செக்கிங்கில் வேலை.
நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம் பனியன்
என் கண்ணுக்குக் கீழே போகும்.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் தாவல்
எங்கிருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
அதற்கு மேல் எனக்கென்ன தெரியும் என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.

ஜனவரி இருபத்தாறு கூட்டம்
பதினோரு நிமிஷத்தில் முடிந்தது.
வரவு செலவு வாசித்தார்களா,
யாருக்கும் ஞாபகமில்லை.
மிட்டாய் ஆரஞ்சு நிறம்.
அது ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் ஒரு ராத்திரி, ஷிப்ட் வேனில்,
தரணியின் போனில் சட்டம் படித்தோம்.
வெள்ளக்கல்வலசு ரோட்டுக் குழிகளில்
எழுத்து தாவித் தாவி விழுந்தது.
எங்கள் ஊர் அளவுக்கு
நூறு பேர் உட்கார்ந்தால்தான் அது சபை.
அந்த எண்ணுக்குக் கோரம் என்று பெயர்.
"பேரே பயமா இருக்குதக்கா" என்றாள் பூவிதா.

இன்றைக்கு நோட்டு சுற்றி வருகிறது.
கையெழுத்து நூற்றிப் பன்னிரண்டு.
நூறுநாள் வேலைக்குப் போனவர்களிடம்
குட்டையோரமே வாங்கி வந்தது பாதி.
மீதியில் என் அம்மாவும் இருக்கிறாள்,
அழகாகச் சுழித்துக் கையெழுத்துப் போட்டபடி.
அம்மா கைநாட்டுக்காரி.

எழுந்தேன்.
"ஏனுங், தலையை ஒருக்கா எண்ணிப் பாத்தரலாமுங்களா?"

மைக் கீச்சென்று கத்தி அடங்கியது.
ஆரூட்டுப் புள்ளைடா அது, என்றது ஒரு குரல்.
கம்பெனிக்குப் போற கொழுப்பு, என்றது இன்னொன்று.

எண்ணினேன்.
டஜனாகத்தான் எனக்கு எண்ண வரும்.
மூன்று டஜன், அப்புறம் ஏழு.
மதில்மேல் காலாட்டிக்கொண்டிருந்த பையனுக்கு
ஓட்டு வயசு இல்லை. கழித்தேன்.
ஓரமாய் நின்ற சுபாஷ் நாயக், எங்கள் லைன் டெய்லர்,
விரலைத் தன் நெஞ்சில் வைத்து
"நானு?" என்றான்.
நாலு வருஷமாய் இந்த ஊர் உப்புத் தண்ணியைக்
குடிக்கிறவன்.
பெயர் ஒடிசாவில் ஏதோ ஒரு பட்டியலில்.
அவனைக் கழித்தபோது
நல்ல துணியில் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி இருந்தது.

நாற்பத்தொன்று.

கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.
ஜெயித்தோமா என்று கேட்காதீர்கள்.
சாயத்தண்ணி இறங்கிய கிணற்றைப் பற்றி
பூவிதா எழுதி வந்த மனு
அவள் உள்ளங்கை வேர்வையில் நீலமாய்க் கசிந்தது.
எங்கள் வீதிக் குழாய்க்கான தீர்மானமும்
அதே நோட்டில் மூடிக்கொண்டது.
சாயங்காலம் மயிலாத்தாள் வந்து
வாசலில் குடத்தை நங்கென்று வைத்தாள்.
"தலையெல்லாம் எண்ணுனியல்ல, இதையும் எண்ணு."
காலிக் குடம், ஒன்று.

மறுநாள் வேனில் யாரும் பேசவில்லை.
பட்டியலை மறுபடி தேடிக்கொண்டிருந்த தரணி
பெருமாநல்லூர் தாண்டியதும் தலையைச் சொறிந்தான்.
"கௌசி, எம் பேரே இதுல இல்லியே."

சட்டம் படித்துக் காட்டியவன்.
முதல் வரிசையில் உட்கார்ந்தவன்.
அப்படியானால் நாற்பது.

வேன் சிரித்தது. அவனும்தான்.
மடியில் டிபன்பாக்ஸ் மூடியைக் கவிழ்த்துப்போட்டு
படிவம் ஆறை அதன்மேல் விரித்தான்.
குழிக்குக் குழி அவன் பெயர்
கோட்டைத் தாண்டிக் குதித்தது.

இன்னும் அறுபது பேர்.
அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.
அறுபது என்றால் மலைப்பாக இருக்கிறது.
ஐந்து டஜன் என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
டீ டைமுக்கு முன்னாலேயே
முடித்துவிடுகிற கணக்கு அது.