அரைக்குடம்

ஆயிரம் பீடி முடிகையில்
இடுப்பும் ஒரு கட்டு,
நூல் போட்டு இறுக்கினது.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
வரிசை நின்று வாங்கியது
ஒரு களிம்பும்
ஒரு "குனியாதீங்கம்மா"வும்.

குனியாமல் எப்படி?
அடுப்பு தரையில், அடிபம்பு தெருவில்,
காசிம் காலடியில்.

சுளவை இப்போது
பெயிண்டு டப்பா மேல் ஏற்றிவிட்டேன்.
முதுகுக்கும் சுவருக்கும் நடுவே
அவர் பழைய சாரம், நாலாய் மடித்து.
காசிமைத் தூக்க
முட்டி மடக்கி அவன் உயரத்துக்கு இறங்கினால்
கழுத்தைக் கட்டி
அவனே ஏறிக்கொள்கிறான்.
ஆற்றுத்தண்ணி வருகிற அன்று
கைக்கொன்றாய்
இரண்டு அரைக்குடம்.

"குறைகுடம் கூத்தாடும்ளா"
என்கிறாள் எதிர்வீட்டு மைமூன்.

ஆடட்டும்.
நிறைகுடம் தளும்பாமலிருக்க
ராத்திரியெல்லாம் தளும்பினது
நான்.