திறக்காதீங்க

நாலு நாளாய் அரவேனுவில் மஞ்சு இறங்கி
தீப்பெட்டி நமுத்துக் கிடந்தது.
பதினோரு குச்சி கிழித்த பிறகுதான்
அன்றைக்கு அடுப்பே பற்றியது.
துணி காயவில்லை. உப்பு கசிந்தது.
எரியவே மாட்டேன் என்றிருந்தது ஊர்.

எண்ணெய் மட்டும் தானாகப் பற்றிக்கொண்டது.

திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதா வேண்டாமா என்று
நானும் யோகராணியும் முன்னறையில்
கத்திக்கொண்டிருந்த நேரம்.
பஜ்ஜிக்கு வைத்த வாணலியில்
ஒரு முழத் தீ நின்றுகொண்டு
தகரக் கூரையை எட்டிப் பார்த்தது.

ஃபேக்டரியில் எனக்குப் பயிற்சி தந்திருந்தார்கள்.
சிவப்பு வாளியில் மணல், படம் போட்ட அட்டை,
முடிவில் டீயும் வர்க்கியும்.
அந்த மணலில் இரண்டு வருஷமாய்
வெற்றிலை துப்புகிறவர்களில் நானும் ஒருவன்.
அப்படிப்பட்ட நான்
தண்ணீர்ச் செம்பைத் தூக்கியிருந்தேன்.

மணிக்கட்டில் ஓர் அடி.
செம்பு வாசல்வரை உருண்டது.
குமிழைத் திருகி கேஸை நிறுத்தினாள்.
இட்லிக் குண்டான் மூடியை
முகத்துக்கு முன்னால் பிடித்தபடி போய்
பக்கவாட்டில் நகர்த்தி வைத்தாள்.
காதுப் பிடியோரம் சந்து விட்டது; அதில் ஒரு நாக்கு.
கிறிஸ்துமஸ் கேக்குக்கு வாங்கிய சோடா மாவு
பொட்டலத்தோடு அங்கே கொட்டியது.

ஒரு சத்தமும் இல்லை.
தீக்கு மூச்சு முட்டுவது
இவ்வளவு அமைதியாகவா இருக்கும்?

"அணைஞ்சிருச்சா பாப்பமே."
"திறக்காதீங்க."

ஈரச் சாக்கோடு ஓடிவந்த
பக்கத்து லைன் அந்தோணிப்பிள்ளை
அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்று
கடைசியில் அதிலேயே கால் துடைத்துவிட்டுப் போனார்.
தேயிலைக்குள் காட்டுமாடு செருமியது.
அடுப்படி வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.
என் கை மறுபடி எழுந்தது.
"ஆறட்டும். திறந்தா காத்து கெடச்சிரும்,
திரும்பப் பத்திக்கும்."

எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

அடுப்புக்கு மேலே கை காட்டினாள்.
சுவர் வெடிப்பில் காற்று வருகிறதென்று
நான் ஒட்டிவைத்த பயிற்சி அட்டை.
தோசை வேகும் நேரமெல்லாம்
அவள் கண்ணுக்கு நேராக இருந்திருக்கிறது.

திருப்பூரை அப்புறம் இருவரும் எடுக்கவில்லை.
காலையில் அவளே மூடியைத் திறந்தாள்.
அடியில் சோடா படிந்து
மேலே எண்ணெய் கறுத்துக் குளிர்ந்திருந்தது.
அதில் என் முகம்:
ஒரு பக்கத்துப் புருவம் கருகி,
எதையோ கேட்க வாயெடுத்த மாதிரி.